நானூற்றுப் பன்னிரண்டு ஊர்களில் ஒரே மேகம்

அந்த மே மாதம் பாதி முடிவதற்குள்ளேயே என் கேமரா என்னைப் பதினேழு தடவை பொய்க்காரி என்றது. வாயைத் திறந்து சொன்னால்கூடத் திருப்பித் திட்டலாம். அது அப்படிச் செய்யாது. படம் எடுத்ததும் வானம் இருக்கவேண்டிய இடம் முழுக்கச் சாம்பல் அட்டையாக மாறிவிடும். நடுவில் 'போலி' என்று ஒரு முத்திரை விழும். கீழே உப்பளம், உப்பு அம்பாரம், வரப்பு எல்லாம் பளிச்சென்று இருக்கும். மேலே மட்டும் சிமென்ட் சுவர்.

என் பெயர் அமலோற்பவம். தூத்துக்குடியில் கேமரா தூக்குகிறவர்களுக்கெல்லாம் அமலி அக்கா. கல்யாணத்துக்குப் போகமாட்டேன், காதுகுத்துக்குப் போகமாட்டேன். எனக்கு மேகம் மட்டும்தான். இருபத்தாறு வருடமாகச் சிவகாசி காலண்டர்களுக்கு வானம் எடுத்துக் கொடுக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அங்கே அடுத்த வருடத்து மாதிரிக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்குள் நாற்பது வானம் கொடுத்தாக வேண்டும். மே மாதம் பாதி முடிந்தபோது என் கையில் இருந்தது மூன்று. அந்த மூன்றும் என்ன லட்சணம் என்கிறீர்கள்? துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெறும் வெள்ளை. அதற்கு மட்டும் 'மெய்' என்று பச்சை முத்திரை!

இந்தக் கூத்துக்குப் பெயர் மெய்வான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு துறைமுக ஊரில் திருவிழாக் கூட்டம். எவனோ வேலையில்லாதவன், கடல்மேல் கரும்புயல் எழும்பி வருகிற மாதிரி ஒரு படத்தைச் செய்து செல்போனில் சுற்றவிட்டான். நெரிசலில் பதினோரு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. விற்கிற ஒவ்வொரு கேமராவிலும் செல்போனிலும் ஒரு சில்லு இருக்க வேண்டும். படத்தில் வானம் இருந்தால் சில்லு அதை மெய்வான் கணினிக்கு அனுப்பிக் கேட்கும். கணினி நம்பினால் மெய், நம்பாவிட்டால் போலி. நல்ல சட்டம் என்று மனுவில் கையெழுத்துப் போட்ட புண்ணியவதிகளில் நானும் ஒருத்தி. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினேழாவது முத்திரை விழுந்த மறுநாள் காலையில் மெய்வான் மாவட்ட மையத்துக்குப் போன் போட்டேன். சிவசைலம் என்கிற பொறியாளர் எடுத்தார். அவரோடு எனக்கு இது ஆறாவது சண்டை.

"சார், நேத்து சாயங்காலம் நான் எடுத்த வானம் நிஜம். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"கண்ணுக்கு முத்திரை கிடையாது மேடம்."

"அப்ப ஏன் போலிங்குது? அந்தக் காரணத்தையாவது சொல்லித் தொலைங்க."

"மறுபரிசீலனை மனு போடுங்க. நாப்பது நாள்ல காரணம் வரும்."

"நாப்பது நாளா? மேகம் நாப்பது நிமிஷம் நிக்காது சார்!"

"மேகம் நிக்க வேண்டாம் மேடம், மனு நிக்கும்." பிறகு அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தணித்தார். "உங்களக் கஷ்டப்படுத்தணும்னு எங்களுக்கு என்ன ஆசையா? உப்பளத்து அபாயச் சங்கு எத வச்சு ஊதுதுன்னு நினைக்கிங்க? பெரிய புயலுக்கு ராடார் இருக்கு. கோடையில இருவது நிமிஷத்துல எழும்புத இடிமேகத்துக்கு உங்கள மாதிரி ஆளுக எடுக்கித படந்தான் கண்ணு. பத்துப் பேரு எடுத்த வானத்தப் பாத்து, இடி வருதுன்னா கணினி தானா சங்க ஊதும். பொய் வானத்த உள்ள விட்டா பொய்யா ஊதும். நாலு தடவ பொய்யா ஊதுனா அஞ்சாவது தடவ எவ ஓடுவா?"

அந்த மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறவர்களுக்குச் சங்கின் அருமை தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. பாத்தியில் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர். அதில் நின்று பலகையால் உப்பை வாருகிற பெண்கள்தான் அந்தப் பொட்டலிலேயே உயரமான பொருள். இடி இறங்குவதென்றால் அவர்கள் தலையில்தான் இறங்கும். கொட்டகைக்கு முக்கால் கிலோமீட்டர். சங்கு வந்த பிறகு அந்த அளத்தில் இடி விழுந்து ஒருத்தரும் சாகவில்லை. அதனால் சங்கு ஊதினால் ஓடுவார்கள். ஊதாவிட்டால் வானம் இருட்டினாலும் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள்.

அவர்களில் பேச்சித்தாய் என் சிநேகிதி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். எட்டாம் வகுப்போடு அவள் உப்புக்குப் போனாள், நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். என் படங்களில் வரப்பில் பலகையோடு சின்னதாக ஒரு பெண் உருவம் நிற்கிறதே, அது அவள்தான். வானம் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் கீழே ஒரு ஆள் நிற்க வேண்டும். "எட்டி, முப்பது வருசமா நிக்கேன், ஒரு படத்துலயாவது எம் மூஞ்சி தெரியுதா?" என்பாள். "மேகத்தப் பாக்க வாறவனுக்கு உன் மூஞ்சி எதுக்குட்டி?" என்பேன்.

பெரியவனை எடுத்த அன்றைக்கும் அவள்தான் நின்றாள்.

பெரியவன் என்பது ஒரு மேகம். பதினோரு வருடத்துக்கு முன்னால், மெய்வான் எல்லாம் வராத காலத்தில், இதே முத்தையாபுரத்து அளத்தில் மேற்கே எழும்பியது. இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கினால் ஆவி எப்படிக் குபுகுபுவென்று கிளம்பும், அப்படி. அடிப்பக்கம் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாக, கருநீலமாக இருந்தது. உச்சி விரிந்து பாதி வானத்தை மறைத்தது. பேச்சி, "போவோம்ட்டி, இருட்டிட்டு வருது" என்றாள். "அஞ்சே நிமிஷம் நில்லு" என்றேன். முக்கால் மணி நேரம் நிற்க வைத்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அப்படியே கடல்பக்கம் போய்க் கரைந்துவிட்டது.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ஜெயக்கொடி அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் பெரியவன்மா" என்றார். அதுவே பெயராகிவிட்டது. அதோடு என் கஷ்டகாலமும் ஆரம்பித்தது. எந்த ஊர்ப் படத்தைக் கொண்டுபோனாலும், "வானம் மொட்டையா இருக்கே, பெரியவனப் போடும்மா" என்பார்.

"அண்ணாச்சி, ஒரு வாரம் கொடுங்க, நான் குத்தாலத்துக்கே போய் நிஜ வானத்த எடுத்துட்டு வாரேன்."

"எதுக்கு அலையிற? நம்ம பெரியவன் சும்மாதான கெடக்கான்?"

நானும் போட்டேன். குற்றாலத்துக்குப் போட்டேன், ஊட்டிக்குப் போட்டேன், தஞ்சாவூர் கோபுரத்துக்குப் பின்னால் போட்டேன். இடம் வலம் மாற்றிப் போட்டேன். செவ்வானம் கேட்டால் சிவப்பேற்றினேன், விடியல் கேட்டால் மஞ்சளேற்றினேன். திருச்செந்தூர் முருகனுக்குப் பின்னால் ஒட்டியபோது மயில் தோகையைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வெட்டி ஒட்ட ஒரு நாள் முழுக்க ஆனது. மாதாவுக்கும் பின்னால் அவன், பள்ளிவாசலுக்கும் பின்னால் அவன். மிட்டாய்க் கடைக்காரரும் பாத்திரக் கடைக்காரரும் ஊரெல்லாம் அவனை இனாமாகக் கொடுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் இரண்டு வருடம் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மே இருபத்து மூன்றாம் தேதி மதியம் மூன்று மணிக்கு அளத்துக்குப் போனேன். வெயில் சாய்ந்ததும் பெண்கள் மறுபடி பாத்தியில் இறங்கியிருந்தார்கள். பேச்சியோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். வரப்பில் இரும்பு ஸ்டாண்டை ஊன்றிக் கேமராவை மாட்டினேன். மேற்கே பார்த்தேன். அம்மாடி! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியவன். அவனேதான். அதே தட்டை அடி, அதே கருநீலம், அதே விரிந்த உச்சி. பதினோரு வருடம் கழித்து வந்த இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறான்.

எடுத்தேன். சாம்பல் அட்டை. போலி.

மறுபடி எடுத்தேன். போலி. லென்ஸை மாற்றி எடுத்தேன், தள்ளி நின்று எடுத்தேன், சாய்த்து எடுத்தேன். ஐந்து படம், ஐந்தும் போலி. "நாசமாப் போக!" என்று ஸ்டாண்டை ஒரு உதை விட்டேன். அப்போதுதான் மேற்கே முதல் உறுமல் கேட்டது. சங்கு இருக்கிற கம்பத்தைப் பார்த்தேன். அது பாட்டுக்கு நின்றது.

சிவசைலத்துக்குப் போன் போட்டேன்.

"சார், சங்கு ஏன் ஊதல?"

"எதுக்கு ஊதணும் மேடம்? முத்தையாபுரத்துல வானம் தெளிவா இருக்குன்னு காட்டுது."

"யோவ், சன்னல் வழியா எட்டிப் பாருமய்யா!"

"இங்க சன்னல் கிடையாது மேடம். ஏசி ரூம்." அதற்குள் மறுபடி உறுமியது, அது அவருக்கும் போனில் கேட்டிருக்க வேண்டும். "இருங்க, இருங்க. உங்க படம் அஞ்சு வந்துருக்கு. லாரிக்காரங்க ரெண்டு பேரு அனுப்பியிருக்காங்க, ஒரு வாத்தியார் அனுப்பியிருக்காரு. எல்லாத்தையும் போலின்னு தள்ளியிருக்கு."

"காரணத்தப் பாரும். நாப்பது நாள் எங்கிட்ட இல்ல."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மேடம், இது நிஜமா இருக்க முடியாதுங்குது. இந்த மேகம் ஏற்கெனவே நானூத்திப் பன்னெண்டு ஊர்ல இருக்காம். ஊட்டியில இருக்கு, குத்தாலத்துல இருக்கு, தஞ்சாவூர்ல இருக்கு. ஒரே மேகம் எப்படி அத்தன ஊர்ல நிக்கும்? அதனால பொய்க்கு அடையாளமே இந்த மேகந்தான்னு கணினி படிச்சி வச்சிருக்கு. இந்தச் சாயல்ல எது வந்தாலும் தள்ளிரும். உங்க பதினேழு படமும் அப்படித்தான் போயிருக்கு." கொஞ்சம் தயங்கினார். "மூலப்படம், அமலோற்பவம், முத்தையாபுரம்னு போட்டுருக்கு. அது நீங்களா மேடம்?"

இத்தனை நாளும் யாரையெல்லாம் திட்டினேன்! கணினியை, சட்டத்தை, இந்த மனுஷனை, அண்ணாச்சியை. பொய்யைக் கணினி என்னிடம்தான் படித்திருக்கிறது.

"நான்தான். நீங்க கையால ஊதுங்க சார்."

"கைப்பொத்தான போன வருஷமே எடுத்துட்டாங்க மேடம். யாரோ தப்பா அழுத்திட்டாங்கன்னு."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்தியைப் பார்த்துக் கத்தினேன். "பேச்சி! ஏறுங்கட்டி! எல்லாரும் மேல ஏறுங்க!" காற்று எதிர்க்காற்று. குரல் போய்ச் சேரவில்லை. இரண்டு கையையும் தூக்கி, போ போ என்று கொட்டகைப் பக்கம் ஆட்டினேன்.

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். நான் கையை ஆட்டின பக்கமாக எல்லோரும் நாலு அடி நகர்ந்து, ஒருத்திக்கொருத்தி இடைவெளி விட்டு, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முப்பது வருடமாக என் கையசைப்புக்கு அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம் அதுதானே.

ஓடினேன். பாதி வழியில் குரல் எட்டியது. "படத்துக்கு இல்லட்டி! இடி இறங்கப் போவுது, ஓடுங்க!"

"சங்கு ஊதலையே?" என்றாள் ஒருத்தி.

"சங்கு ஊதாது! கெட்டுப் போச்சி!"

"சும்மா பயங்காட்டாத அமலி," என்றாள் பேச்சி. "அன்னைக்கு இத விடக் கறுப்பா இருந்துச்சே, அஞ்சு நிமிஷம் நில்லு, ஒண்ணும் செய்யாதுன்னு நீதான சொன்ன? ஒரு சொட்டு விழுந்துச்சா? நீ எடுத்து முடி, நாங்க நிக்கோம்."

அப்போது வரிசையில் கடைசியில் நின்றவள், "எக்கா, ஒங்க கேமராவ எங்க?" என்று கேட்டாள். என் கை காலியாக இருப்பதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். தூரத்தில் வரப்பில் ஸ்டாண்டு அநாதையாக நின்றது. மழைத் தூறல் விழுந்தாலே கேமராவைச் சேலைக்குள் பொத்திக்கொள்கிறவள் நான் என்று அந்த அளத்துக்கே தெரியும். ஒருத்தி பலகையைக் கீழே போட்டாள். அடுத்த நொடி எல்லோரும் ஓடினார்கள்.

நானும் ஓடினேன். கொட்டகைக்குள் நுழைந்து தலை எண்ணினேன். என்னோடு சேர்த்து இருபத்திரண்டு. பேச்சி இல்லை.

திரும்பிப் பார்த்தால், பாவி, வரப்பில் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தாள். என் கேமராவை எடுக்க.

"பேச்சீ!"

அவள் ஸ்டாண்டுக்குப் பத்து அடி தள்ளி இருக்கும்போது வெள்ளையாக ஒன்று இறங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. ஸ்டாண்டு இருந்த இடத்தில் புகை. பேச்சி பாத்தித் தண்ணீரில் மல்லாந்து கிடந்தாள். சங்கு கடைசிவரை ஊதவில்லை.

உயிர் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள் வைத்திருந்தார்கள். இடது காது போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னார். வலது காதில் சத்தமாகப் பேசினால் கேட்கும். கண் விழித்ததும் அவள் கேட்டது, "படம் விழுந்துச்சாட்டி?" நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழுவாத, சத்தமாச் சொல்லு, கேக்கல" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் சிவசைலம் தானே கூப்பிட்டார். குரலில் சந்தோஷம். "மேடம், சரி பண்ணிட்டோம். இனிமே உங்க மேகம் மெய். அந்தச் சாயல்ல ஒரே ஒரு படம் வந்தாலும் உடனே சங்கு ஊதும்." நன்றி சொன்னேன். மனதார.

அன்றைக்கு மதியம் பேச்சி வீட்டுக்குப் போனேன். காதில் பஞ்சோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் மகள் கனி, "ரெண்டு பேரும் சுவரோரமா உக்காருங்க" என்று செல்போனில் ஒரு படம் எடுத்தாள். அம்மா பிழைத்து வந்த பிறகு முதல் படம். பச்சை முத்திரை விழுந்தது. மூன்று நிமிடத்தில் அளத்துப் பக்கம் சங்கு ஊதியது.

வாசலுக்கு ஓடினேன். வானத்தில் ஒரு திட்டு மேகம் இல்லை. தூரத்தில் பெண்கள் விழுந்தடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவது தெரிந்தது. "காலையிலேந்து இது மூணாவது தடவ," என்றாள் கனி. "அடுத்தாப்ல ஊதுனா ஏறமாட்டோம்னு சித்திமாரு சொல்லிட்டாவ."

போனை எடுத்தேன்.

"பாத்தீங்களா மேடம்? வேலை செய்யுது!" என்றார் சிவசைலம். "முத்தையாபுரத்துல பிரமாதமான இடிமேகம்."

"வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்குய்யா."

கனி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். "உங்க பின்னால காலண்டர் ஏதும் தொங்குதா மேடம்?"

திரும்பினேன். சுவரில் ஒரே ஆணியில் பதினோரு வருடத்துக் காலண்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. மேலே திருச்செந்தூர் முருகன். மயில் தோகைக்குப் பின்னால் பெரியவன். தெருவில் எந்த வீட்டுச் சுவரில் அவன் இல்லை? எந்த வீட்டில் பிள்ளையைப் படம் எடுத்தாலும் பின்னால் அவன்தானே இருப்பான்?

"பழையபடி போலின்னு மாத்திரவா?" என்றார் சிவசைலம். "ஆனா அடுத்த தடவ நிஜமா வந்தா ஊதாது. நீங்களே சொல்லுங்க."

"மாத்தாதீங்க," என்றேன். "நான் பாத்துக்கிடுதேன்."

ஆணியிலிருந்து காலண்டர்களைக் கழற்றினேன். பேச்சி கீரையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். "என்னட்டி செய்த?"

வலது காதுப் பக்கம் போய் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். நான் ஒட்டியது, கணினி படித்தது, அன்றைக்குச் சங்கு ஊதாதது, இன்றைக்கு ஊதுவது. தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். அவள் என்னையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதுக்காவச் சாமி படத்தக் கிழிப்பியா?" என்றாள். "வருசம் முடிஞ்சாக்கூட நாங்க சாமி படத்த எடுக்க மாட்டோம். எந்த வீட்டுலயும் உன்ன எடுக்க விடமாட்டாவ."

"அப்ப என்னட்டி செய்ய?"

உள்ளே போனாள். கனியின் தையல் டப்பாவிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "சாமிய விட்டுரு. மேகத்த மட்டும் வெட்டு."

தரையில் உட்கார்ந்தேன். மயில் தோகையிலிருந்து தொடங்கினேன். எங்கே வளையும், எங்கே பிரியும் என்று கைக்கு இன்னும் நினைவிருந்தது. ஒரு முருகனுக்கு அரைமணி நேரம் ஆனது. திரும்ப ஆணியில் மாட்டியபோது முருகனுக்குப் பின்னால் பேச்சி வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது.

பேச்சி வாசலுக்குப் போய் நின்றாள். காது கேட்காததால் இப்போதெல்லாம் அவளுக்குக் குரல் அடங்குவதில்லை. "ஏட்டி, எல்லாரும் ஒங்க வீட்டுக் காலண்டர எடுத்துட்டு வாங்க! அமலி வந்திருக்கா!" என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

நான் அடுத்த காலண்டரை எடுத்தேன். அது குற்றாலம்.